கிள்ளானில் பார்க்க என்ன இருக்கிறது?

"கிள்ளானுக்கா? இப்பவே தீபாவளித் துணி எடுக்கப் போறியா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுத் தோழி. இல்லை, சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்றதும் அவள் முகத்தில் வந்த குழப்பத்துக்குப் பதிலாகத்தான் இந்த நீண்ட பதிவு. துணிக்கும் கல்யாணத்துக்கும் புரட்டாசிப் பெருமாளுக்கும் கிள்ளானுக்குப் போகிறோம். பழைய ஊர் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் மலாக்காவுக்கும் பினாங்குக்கும் வண்டி ஏறுகிறோம். கோலாலம்பூர் பிறந்ததற்கே காரணமான ஊர் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. நம் தாத்தா பாட்டிகளில் பலர் கப்பலை விட்டு முதலில் கால் வைத்த துறையும் அங்கேதான்.

புரட்டாசிச் சனிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு நடந்து போய்க் கொமுட்டர் ரயில் ஏறினேன். கிள்ளானில் இறங்காமல் கடைசி நிலையமான போர்ட் கிள்ளான் வரை போய், அங்கிருந்து திரும்பி வருவதாகத் திட்டம். இந்த வட்டாரத்தின் கதை கடலிலிருந்து ஆற்றின் வழியே உள்ளே வந்த கதை. அதே வரிசையில் பார்த்தால்தான் புரியும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

எதிர் இருக்கையில் மஞ்சள் சேலை கட்டிய ஓர் அம்மா. கையில் துளசி மாலை.

"எங்கம்மா போற?"

"போர்ட்டுக்கும்மா."

"போர்ட்டுல யாரு இருக்கா?"

"யாருமில்லம்மா. சும்மா பழைய இடமெல்லாம் பாக்கலாம்னு."

"ஒத்தையாவா? பசியாறிட்டியா?"

இந்த இரண்டு கேள்விகளும் நம் ஊரில் சேர்ந்தே வரும். தனியாகப் போகும் பெண்ணிடம் வேறு நாட்டில் என்ன கேட்பார்களோ, மலேசியத் தமிழ்த் தாய்மார்கள் பசியாறியாச்சா என்றுதான் கேட்பார்கள். அவருடைய அப்பா போர்ட்டில் மூட்டை தூக்கியவராம். "அப்ப அதுக்குப் பேரு போர்ட் சுவெட்டன்ஹாம். அப்பாவுக்கு அது வாயில நொழையாது. 'போர்ட்டு'ன்னுதான் சொல்லுவாரு." இன்றைக்கும் பாதிப் பேர் வாயில் அது வெறும் போர்ட்டுதான்.

நாங்கள் உட்கார்ந்திருந்த அந்தத் தடத்துக்கே நல்ல வயது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடா வரை 1886இல் ரயில் ஓடத் தொடங்கியது. ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோவதற்காகப் போட்ட பாதை அது. ஆற்றுக்குப் பாலம் போட்டுக் கிள்ளான் பட்டணத்துக்குள் கொண்டுவர இன்னும் நான்கு ஆண்டு. ஆற்றின் முகத்துவாரம் வரை நீட்டியது 1899இல். தண்டவாளம் பதித்துப் பராமரித்த கைகள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. நிலையங்களிலும் அலுவலகங்களிலும் கணக்கு எழுதிய கைகள் பல யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பாக வளர்ந்ததும் அப்படித்தான். ஆகவே நான் ஏறிய இடமும் இறங்கப்போகும் இடமும் ஒரே வேலையின் இரண்டு முனைகள்.

போர்ட் கிள்ளான் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் முதலில் பாதி மூடிய கடைவீடுகளின் வரிசை. அதற்கப்பால் வேலி, வேலிக்கு மேலே பாரந்தூக்கிகளின் தலை. கொஞ்சம் நடந்தால் பூலாவ் கேத்தாம் (நண்டுத்தீவு) போகும் படகுத்துறை. உப்பும் டீசலும் மீனும் கலந்த வாசனை. வார இறுதி ஆதலால் நண்டுத்தீவுக்குப் போகும் சீனக் குடும்பங்கள் பெட்டியும் குடையுமாக வரிசையில் நின்றார்கள். அவர்களை அனுப்பிவிட்டு நான் துறையோரத்தில் நின்றேன். இன்று இந்தத் துறைமுகம் ஆண்டுக்கு 1 கோடியே 40 லட்சம் கொள்கலன்களுக்கும் மேல் கையாள்கிறது. பெரிய கப்பல்களெல்லாம் வடதுறைக்கும் பூலாவ் இண்டாவில் உள்ள மேற்குத்துறைக்கும் போய்விட்டன. நான் நின்றது பழைய தென்துறைப் பக்கம். அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

1901 செப்டம்பர் 15. சதுப்புநிலக் காட்டை வெட்டி எடுத்த இடத்தில், ஆங்கிலேய அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாம் தன் பெயரில் அமைந்த துறைமுகத்தைத் திறந்து வைத்தார். அந்தப் பெருமை சில வாரங்கள் கூட நீடிக்கவில்லை. வேலைக்கு வந்தவர்கள் வரிசையாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். கட்டி முடித்த துறைமுகத்தை மூடிவிட வேண்டிய நிலை வந்தது. அந்த ஆண்டு தொடக்கத்தில்தான் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக மால்கம் வாட்சன் என்ற இளைஞர் வந்திருந்தார். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்ட் ரோஸ் இந்தியாவில் கண்டுபிடித்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. உலகத்தில் பலர் அதை இன்னும் முழுதாக நம்பக்கூட இல்லை. வாட்சன் நம்பினார். கிள்ளானையும் துறைமுகத்தையும் சுற்றியிருந்த காட்டை வெட்டச் சொன்னார், சதுப்பை வடிக்கக் கால்வாய் தோண்டச் சொன்னார். ஒரே ஆண்டுக்குள் சாவு மளமளவென்று குறைந்தது. கொசுவை ஒழித்து மலேரியாவை அடக்கிய உலகின் முதல் வெற்றிகளில் ஒன்று நம் கிள்ளானில் நடந்தது. இதை எந்தப் பள்ளிப் பாடத்தில் படித்தோம்?

கதை அங்கேயே முடிந்திருந்தால் அது ஒரு வீரக்கதை. பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பிடித்த பகுதி. இதே வைத்தியத்தை மேட்டுநிலத் தோட்டங்களில் செய்தபோது மலேரியா குறையவில்லை, கூடியது. காரணம் கொசுவிலும் சாதி உண்டு. கரையோரச் சதுப்பில் நிழலான தேங்கு நீரை விரும்பும் ஒரு வகை. மலைப்பாங்கில் வெயில் படும் தெளிந்த ஓடையை விரும்பும் இன்னொரு வகை. காட்டை வெட்டி ஓடைக்கு வெயில் காட்டினால் இரண்டாவது வகைக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும். அங்கே ஓடையை மண்ணுக்கடியில் குழாயில் விட வேண்டும், எண்ணெய் தெளிக்க வேண்டும். எந்தக் கொசு என்று பார்த்து அதற்கேற்ற வேலை செய் என்ற பாடத்தை உலகம் கற்றது இந்தச் சிலாங்கூர் தோட்டங்களில் தமிழர்கள் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்த காலத்தில்.

வாட்சனின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. இருக்கவும் வேண்டும், அவர் பெரிய மனிதர். இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. துறையோரம் முழுக்க நடந்து பார்த்தேன். அவர்களைப் பற்றி ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை.

ராஜுலா கப்பலுக்கும் பலகை இல்லை. 1926இல் கட்டி 1970களின் தொடக்கம் வரை ஓடிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று வந்து வந்து போனது. என் தாத்தா அதில்தான் வந்தார். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த பயணிகளைத் துறைக்கு வந்ததும் ஊருக்குள் விடமாட்டார்கள். தொற்று இருக்கிறதா என்று பார்க்க முகாமில் நிறுத்தி வைப்பார்கள். கங்காணி பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோட்டம் தோட்டமாகப் பிரித்து அழைத்துப் போவது அதற்கப்புறம்தான். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. உதவி கொடுத்து ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் பேர் இந்தக் கரையில் அந்த முகாமைக் கடந்தார்கள்! ஒரு கல் நட்டு, நான்கு மொழியில் நான்கு வரி எழுதி வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? நான் இதைக் கோபமாகவே கேட்கிறேன்.

1972இல் பெயர் போர்ட் கிள்ளான் என்று மாறியது.

கோப்பிக்கடையில் ஒரு 'தே ஓ' (பாலில்லாத தேநீர்) குடித்துவிட்டு, வண்டி பிடித்துச் சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்கு வந்தேன். துறைமுகத்துக்கும் கிள்ளான் பட்டணத்துக்கும் இடையிலான சாலையில் இருக்கிறது. புரட்டாசிச் சனிக்கிழமை அங்கே எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சாலை ஓரத்தில் ஒரு கல் தொலைவுக்கு வண்டிகள், வாசலில் மொட்டைத் தலைகள், நாமம் போட்ட குழந்தைகள், கற்பூரப் புகை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கோயில். இந்த நாட்டின் பழைய, பெரிய வைணவக் கோயில்களில் ஒன்று. துறைமுகம் திறப்பதற்கு முன்பே, ரயில் கடலைத் தொடுவதற்கு முன்பே, இங்கே பெருமாளுக்கு ஒரு கூரை போட ஆள் இருந்திருக்கிறார்கள். தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ரயிலில் வந்த அம்மா கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்துத் துளசி கொடுத்தார்.

கிள்ளான் பட்டணத்தின் தென்கரையை நடந்தே பார்க்கலாம். வழிகாட்டியுடன் குழுவாகச் சுற்றும் பாரம்பரிய நடையும் உண்டு. முதல் தடவை வருகிறவர்களுக்கு அது நல்லது. எனக்கு ஒரே இடத்தில் அரை மணி நேரம் நிற்கும் பழக்கம், அதனால் தனியாகத்தான் சரிப்படும்.

கெடோங் ராஜா அப்துல்லா முன்னால் அப்படித்தான் நின்றேன். 1857இல் கட்டிய கிடங்கு, வீடும் அதுவேதான். தடித்த சுவர், ஓட்டுக்கூரை, மேல்மாடி முழுக்க மரச் சன்னல்கள். சிலாங்கூரில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய மலாய்க் கட்டடங்களில் ஒன்று. ஆற்றில் வந்திறங்கிய அரிசியும் சாமானும் ஒரு பக்கம், சுரங்கத்திலிருந்து வந்த ஈயம் மறுபக்கம். பிறகு பல காலம் போலீஸ் கையில் இருந்து, அப்புறம் ஈய அருங்காட்சியகமாகவும் ஆனது. அழகான கட்டடம் என்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அது கட்டிய அதே ஆண்டில், அன்று கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா செய்த காரியத்தைத் தெரிந்துகொண்டு பார்த்தால் சுவர் வேறு மாதிரி தெரியும்.

மலாக்கா சீன வணிகர்களிடம் கடன் வாங்கி, 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்களை ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் சேற்றுச் சங்கமத்தில் இறங்கி, காட்டுக்குள் நடந்து அம்பாங் போய் ஈயம் தோண்டத் தொடங்கினார்கள். ஒரு மாதத்துக்குள் 87 பேரில் 69 பேர் காய்ச்சலில் செத்தார்கள். உயிரோடு நின்றவர்கள் 18 பேர். ராஜா அப்துல்லா மறுபடியும் ஆள் அனுப்பினார். ஈயம் வந்தது. அவர்கள் இறங்கிய சேற்றுச் சங்கமம்தான் கோலாலம்பூர். காலையில் போர்ட்டில் பார்த்த அதே காய்ச்சல், 44 ஆண்டுகளுக்கு முன்னால். என் தாத்தாவின் முதலாம் ஆண்டுக் காய்ச்சல் கதைகளும் இதே சேற்றின் கதைகள்தான். அம்பாங் வழியாகத் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் அந்த 69 பேரை ஒரு கணம் நினைக்கலாம்.

ஈயம் வந்ததும் சண்டையும் வந்தது. கிள்ளான் தனக்கு வர வேண்டியது என்று ராஜா மஹ்டி எழுந்தார். 1867இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1874 வரை நடந்தது. மேட்டில் இருக்கும் கோத்தா ராஜா மஹ்டிக்கு ஏறினால் ஒரு வாசல் வளைவும் புல்வெளியும் மரங்களும். பெரிய கோட்டைச் சுவரை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அங்கே பார்க்க வேண்டியது ஆறு. அந்த மேட்டை யார் வைத்திருந்தாரோ அவர்தான் ஆற்றில் ஏறி இறங்கும் ஈயத்துக்கு வரி வாங்கினார். கோட்டை எதற்கு அந்த இடத்தில் என்று மேலே நின்ற உடனே புரிந்துவிடுகிறது. 1870இல் ராஜா மஹ்டியை எதிர்த்த துங்கு கூடின் தரப்பு கோட்டையைப் பிடித்தது. சில ஆண்டுகளில் ஆங்கிலேய ரெசிடென்ட் வந்தார். 1880இல் தலைமை இடமும் கோலாலம்பூருக்குப் போய்விட்டது. கிள்ளான் பெற்ற பிள்ளை தாயைவிடப் பெரிதானது அங்கிருந்துதான்.

சுல்தான் அப்துல் அசீஸ் அரச காட்சியகத்துக்குள் குளிர்சாதனக் காற்று வாங்கப் போனேன் என்றே சொல்ல வேண்டும். ஆனாலும் கட்டடம் பார்க்கத் தகுந்தது. 1909இல் கட்டியது, வரைந்தவர் ஹப்பேக். கோலாலம்பூர் ரயில் நிலையமும் மஸ்ஜித் ஜாமெக்கும் அவர் கைவண்ணமே. திங்கட்கிழமை மூடியிருக்கும், கவனம். கொஞ்சம் தள்ளி, 1934இல் திறந்த சுல்தான் சுலைமான் அரசப் பள்ளிவாசல். மலேசியாவில் வேறெங்கும் இப்படி ஒரு பள்ளிவாசலை நான் பார்த்ததில்லை. சிலுவை வடிவத் தரையமைப்பு, நேர்க்கோட்டுக் கோபுரங்கள், 1930களின் ஐரோப்பியக் கட்டடப் பாணி. கெஸ்டிவன் என்ற ஆங்கிலேயர் வரைந்தது. தொழுகை நேரம் இல்லாதபோது வெளிமுற்றத்தில் நிற்கவிட்டார்கள்.

தெங்கு கெலானா சாலைக்கு வந்தபோது பசி கண்ணைக் கட்டியது. அந்தச் சாலையைப் பற்றி நான் எழுதி நீங்கள் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. 1928இல் கட்டிய லூர்து மாதா தேவாலயமும் இந்திய முஸ்லிம் பள்ளிவாசலும் கோயில்களும் துணிக்கடைகளும் ஒரே சாலையில் வரிசையாக இருக்கின்றன என்பதை மட்டும் நடந்து பார்த்தால்தான் உணரலாம். வாழையிலையில் சோறு, புரட்டாசி ஆதலால் கடை முழுக்கச் சைவம். பிறகு பூக்கடையில் நின்றேன். பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா வழக்கம்போல, ஒத்தையாவா வந்தீங்க என்று தொடங்கினார். 1941 ஸ்ட்ரைக் நடந்த இடங்களைத் தேடுகிறேன் என்றேன்.

பூ கட்டும் கை நின்றது.

"அந்த ஸ்ட்ரைக்கா? எங்க பெரியப்பா சொல்லுவாரு. அவருக்குத் தொண்ணூறு தாண்டிருச்சு, இப்பத்தான் செவி மந்தம். அவரு அப்பா அதுல இருந்தவராம்."

இந்தப் பதிவை எழுதக் காரணமே அந்த ஸ்ட்ரைக்தான் என்பதால் அதை நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. கித்தாவுக்கு (ரப்பருக்கு) உலகமெங்கும் தேவை. விலை ஏறியது, விலைவாசியும் ஏறியது. தமிழ்த் தொழிலாளிக்கு நாள் கூலி ஐம்பது காசைச் சுற்றியே நின்றது. அதே மரத்தை வெட்டிய சீனத் தொழிலாளிக்கு அதைவிட அதிகம். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தோட்டங்களுக்குள் போகத் தொடங்கியது. அதன் முன்னணியில் நின்றவர் ஆர்.எச். நாதன். தமிழ் நேசன் பத்திரிகையில் வேலை பார்த்தவர். (அந்த நேசனும் 2019இல் நின்றுவிட்டது. வீட்டில் அது வந்து விழும் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த வலி தெரியும்.)

1941 மார்ச்சிலிருந்து தோட்டம் தோட்டமாக வேலை நிறுத்தம். அவர்கள் கேட்டவற்றைப் படியுங்கள். சீனருக்குச் சமமான கூலி. பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு. நல்ல மருத்துவம். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். சொந்தக்காரர்கள் தோட்டத்துக்குள் வந்து போக விட வேண்டும். அடிக்கும் கிராணிகளை (தோட்டக் கணக்கர்களை) மாற்ற வேண்டும். துரையோ கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும்.

அந்தக் கடைசிக் கோரிக்கையைப் படித்த நாளிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை. கூலி உயர்வுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பக்கத்தில் அதை எழுதிவைத்திருக்கிறார்கள். காசு சேர்த்து வாங்கிய சைக்கிளில் உட்கார்ந்தபடி ஒரு மனிதனைக் கடந்து போகும் உரிமை. அதற்காகவும் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகாமல் லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) உட்கார்ந்தார்கள். காந்தித் தொப்பி போட்டுக்கொண்டார்கள். தங்கள் கள்ளுக்கடையை மூடச் சொல்லித் தாங்களே போராடினார்கள்.

ஏப்ரலில் கொஞ்சம் கூலி ஏறி, அடங்கியதுபோல இருந்தது. மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தார்கள். விடுதலை செய் என்று தொழிலாளர்கள் திரண்டு கிள்ளானுக்கு வந்தார்கள். வேலை நிறுத்தம் சிலாங்கூரின் மற்றப் பகுதிகளுக்கும் பரவியது, ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கினார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். மே 16இல் சிலாங்கூரில் அவசரநிலை. துருப்புகள் தோட்டங்களுக்குள் நுழைந்தன. தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், நூற்றுக்கணக்கில் கைதானார்கள், பலரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அதே போர்ட் சுவெட்டன்ஹாமைக் கடந்து வந்த மக்கள். ஏழு மாதத்தில் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். அதற்கப்புறம் இதே தோட்டங்களிலிருந்து ஆண்களைச் சயாம் மரண ரயில் பாதை போட ஏற்றிப் போனார்கள். அந்தப் பெருந்துயரத்தின் அடியில் 1941 புதைந்துபோனது என்று நினைக்கிறேன். சயாமைப் பற்றிக் கொஞ்சமாவது பேசுகிறோம், நாவல்கள் இருக்கின்றன. ஸ்ட்ரைக்கைப் பற்றி வீடுகளில் பேசுவதே இல்லை. துயரத்தை நினைவு வைத்த அளவுக்கு எதிர்த்து நின்றதை நாம் நினைவு வைக்கவில்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த நினைப்போடுதான் கோத்தா பாலத்துக்குப் போனேன். சுதந்திரத்தை ஒட்டிக் கட்டத் தொடங்கி 1960களின் தொடக்கத்தில் திறந்த இரண்டடுக்குப் பாலம். மேல்தளம் அன்று மோட்டார் வண்டிகளுக்கு, கீழ்த்தளம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும். வெயில் மழை படாமல் ஆற்றைக் கடக்க சைக்கிளுக்கென்றே ஒரு தளம். யார் வந்தாலும் இறங்க வேண்டாம். இருபது ஆண்டுகளில் ஒரே ஊரில் நடந்த மாற்றம் இது. கீழ்த்தளத்தில் ஒரு வங்காளதேசத் தம்பி பழைய சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனான்.

மதியத்துக்கு மேல் ஜுக்ரா. கிள்ளானிலிருந்து தெற்கே, பஸ்ஸில் போனால் பொழுது போய்விடும். மாலை வரை பேசி ஒரு வாடகைக்கார் எடுத்தேன். ஓட்டுநர் அறுபது வயதுப் பாக்சிக் (மலாயில் மாமா). நான் தமிழர் என்றதும், "கொஞ்சம் கொஞ்சம் தமிழ் தெரியும்லா, தோட்டம் பக்கத்துல வளந்தேன்" என்றார். அவருடைய தாத்தா ஜாவாவிலிருந்து வந்து கரையோரத் தோட்டங்களில் வடிகால் வெட்டியவராம். வழிநெடுகச் செம்பனை, செம்பனைக்கு நடுவே நேர் கோடாகக் கால்வாய்கள். இதையெல்லாம் யார் தோண்டினார்கள் என்று நான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பாதிப் பதில் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருந்தது. கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்களில் லயங்கள் போயின, ஒரு கோயிலோ ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயரோ மட்டும் மிஞ்சி நிற்கிறது. தோட்டமே இல்லாத இடத்தில் 'தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்ற பெயரைப் பார்க்கும்போதெல்லாம் நான் வண்டியை நிறுத்தச் சொல்வேன். பாக்சிக் பொறுமையானவர்.

புக்கிட் ஜுக்ராவில் 1857 முதல் 1898 வரை ஆண்ட சுல்தான் அப்துல் சமத்தின் சமாதி இருக்கிறது. ராஜா அப்துல்லா ஆள் அனுப்பிய ஆண்டில் பட்டத்துக்கு வந்து, உள்நாட்டுப் போரையும் ஆங்கிலேயர் வருகையையும் ரயிலையும் பார்த்தவர். 1879இல் இசபெல்லா பேர்ட் என்ற பெண் பயணி நீராவிப் படகில் லங்காட் வந்து அவரைச் சந்தித்துப் புத்தகத்தில் எழுதினார். தனியாக ஊர் சுற்றிய பெண், 19ஆம் நூற்றாண்டில், இந்த ஆற்றில். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். மேலே கலங்கரை விளக்கத்துக்கு ஏறினால் லங்காட் ஆறும் செம்பனைக் கடலும் அப்பால் மலாக்கா நீரிணையும் ஒரே பார்வையில் விழும். கீழே 1905இல் கட்டிய இஸ்தானா பண்டார். அரண்மனை முற்றத்தில் மழை பிடித்துக்கொண்டது. தூண்களின் வேலைப்பாட்டைப் பார்த்தபடி அது விடும்வரை நின்றேன். அந்த நேரத்தில் அங்கே வேறு யாரும் இல்லை. இவ்வளவு அழகான இடம், ஒரு சனிக்கிழமை மாலை.

மோரிப் கடற்கரையை வேகமாகப் பார்த்தேன், இருட்டிக்கொண்டு வந்தது. 1945 செப்டம்பர் 9இல் நேச நாடுகளின் இந்தியப் படையினர் இங்கே இறங்கினார்கள். ஜப்பான் அதற்குள் சரணடைந்துவிட்டது. ஆனாலும் போட்ட திட்டப்படி இறங்கினார்கள், மென்மையான சேற்றுமணலில் வண்டிகள் புதைந்தன. எதிரி சுட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அந்தச் சேற்றைப் பார்த்தாலே தெரியும். அதற்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. நாள் முழுக்கத் தேடியதில் சாதாரணச் சிப்பாய்களுக்கு ஒரு கல்லாவது கிடைத்ததே என்று நின்றேன். மோரிப்பிலிருந்து திரும்ப வண்டி கிடைப்பது சிரமம், போகிறவர்கள் ஓட்டுநரைக் காத்திருக்கச் சொல்லி முன்பே பேசிவிடுங்கள்.

பூக்கடை அக்காவுக்கு இரவே குறுஞ்செய்தி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் லீமாவுக்கு வா, பெரியப்பா காலையில்தான் தெளிவாகப் பேசுவார், காதருகே சத்தமாகக் கேட்க வேண்டும் என்று பதில் வந்தது. கேட்க வேண்டியவற்றை எழுதத் தொடங்கிவிட்டேன். எந்தத் தோட்டம்? வேலைக்குப் போகாத நாட்களில் லயத்தில் என்ன சமைத்தார்கள், அரிசி யார் கொடுத்தார்கள்? பட்டாளம் வந்தபோது பெண்கள் என்ன செய்தார்கள்? யாரையெல்லாம் கப்பலேற்றினார்கள்? உங்கள் அப்பாவிடம் சைக்கிள் இருந்ததா?